ஜூலியின் பக்கமும் ஏழாவது கேள்வியும்

போன மாதம் ஒரு நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவர் எங்கள் பழைய மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன டாக்டர், பாறசாலைக்காரப் பெண். ஸ்டோர் ரூமை ஒதுக்கும்போது ஒரு நீல அட்டை நோட்டு கிடைத்ததாம். நாய்களுக்கு வந்த மூத்திரப்பைப் புற்றுக்கு, மனிதர்களின் மூட்டுவலி மருந்தைக் கொடுத்துப் பார்த்த விவரமெல்லாம் அதில் இருக்கிறதாம்.

"அக்கா, இது உங்களுக்க கையெழுத்தாக்கும்னு அட்டெண்டர் சேட்டன் சொன்னாரு. முத்து முத்தா இருக்கு. ஆனா நாலு நாய்க்க பக்கத்தில சிவப்பு மையில குறுக்கே ஒரு கோடு. அதுக்கு அடியில உங்க ஒப்பு. அஞ்சாம் நம்பருக்கு மட்டும் அடிச்ச பொறவும் எட்டு மாசத்துக்கு எழுதிக்கிட்டே போயிருக்கியளே, அது எதுக்கு?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வாயால் சொன்னால் நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன். முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்கு அந்தச் சாமர்த்தியம் தானாக வந்துவிடும். எழுதும்போது அது அவ்வளவு சுலபமில்லை.

நான் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்தவள். பெயர் விமலா. பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தது மாட்டுக்குச் சினை ஊசி போடுவதும், கோழிக்குக் கழிச்சல் தடுப்பு மருந்து கண்ணில் விடுவதும், மடிவீக்கம் பார்ப்பதும்தான். நாயைப் பற்றி அரை நாள் வகுப்பு நடந்தது. அதிலும் பாதி நேரம் வெறிநாய். வேலைக்கு வந்த பிறகும் நாய்க்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய மதிப்பு கிடையாது. மாடுகளெல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான், வெளியே தென்னையில் கட்டிப்போட்ட நாயைக் கூப்பிடுவோம். பசுக்களுக்கு அடியில் குந்திக் குந்தி என் இரண்டு முட்டும் நாற்பது வயதுக்குள் கெட்டுப்போனதுதான் நான் கண்ட பலன்.

தொண்ணூறுகளின் நடுவில் சூசன் டாக்டர் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு மாநில எல்லையில் பிறந்தவளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. இங்கே அவர் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன். உயரமானவர். எப்போதும் காதில் ஒரு பென்சில். கோபம் வந்தால் குரல் தாழும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை, ஆனால் குரல் தாழ்ந்தால் அட்டெண்டர் முதல் நான் வரை எல்லோரும் ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டு ஓடுவோம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாயைக் கொண்டுவந்தவரிடம் ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் எழுதமாட்டார். பென்சிலை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தைப் பார்ப்பார். மனசுக்குள் பத்து வரை எண்ணுவாராம். அதற்குள் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு பதில் வரும். முதலில் "நல்லா சாப்பிடுது" என்றவர், ஏழு எட்டு எண்ணும்போது, "இண்ணைக்குக் காலத்தக் கஞ்சியை மட்டும் தொடல்ல" என்பார். டாக்டர் எழுதுவது அந்த இரண்டாவது பதிலைத்தான்.

"முதலில் சொல்வது உன் மரியாதைக்காகச் சொல்வது, விமலா. கொஞ்சம் பொறு. நாய்க்காகச் சொல்வது பிறகு வரும்."

எனக்கு அப்போது இதெல்லாம் வேலையை இழுத்தடிக்கும் வழியாகத்தான் தெரிந்தது. வெளியே பத்துப் பசு நிற்கும்போது இந்த அம்மா பலாமரம் பார்க்கிறாரே என்று எரிச்சல் வரும். எனக்கு வேகம்தான் பெருமை. அதோடு என் கையெழுத்தும்.

ஒரு நாள் அவர் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு வந்தார். பிடித்திருந்த பின் கழன்றுபோகும் அளவுக்குப் படித்திருந்தார். வெளிநாட்டில் மூட்டுவலிக்குக் கொடுக்கும் பைராக்சிகாம் என்ற மருந்தைக் கொடுத்தபோது சில நாய்களின் மூத்திரப்பைப் புற்று சுருங்கியிருக்கிறதாம். வீக்கத்தைத் தணிக்கும் மருந்து புற்றையும் ஏன் தணிக்கிறது என்று அங்கேயும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம்.

"நாய் நம்முடைய கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, நம் அடுப்புப் புகையைத்தான் மூச்சு வாங்குகிறது," என்றார். "அதற்கு வரும் இந்தப் புற்றும் நமக்கு வருவதும் ஏறக்குறைய ஒன்று. இங்கே பத்து நாய்க்குக் கொடுத்துப் பார்த்து ஒழுங்காக எழுதி வைத்தால், நாளைக்கு நாய்க்கும் உதவும், மனிதருக்கும் உதவும். ஒழுங்காக எழுதினால்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆளில்லை, காசில்லை, ஸ்கேன் கிடையாது. இருந்ததை வைத்துத்தான் செய்தோம். மூத்திரத்தைப் பிடிக்க என் வீட்டிலிருந்து நீளக் காம்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுபோனேன். அதை மறுபடி வாசல் படியேற என் மாமியார் விடவில்லை. நாய் குந்தும் நேரம் பார்த்துப் பின்னால் ஓசைப்படாமல் நீட்ட வேண்டும். பிடித்ததைக் கையால் சுற்றும் மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஜன்னலோர மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். நல்ல செல் வரிசையாக அடக்கமாக இருக்கும். புற்றுச் செல் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கூட்டமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை, மனிதர்கள் வராத நேரம், டாக்டருக்குத் தெரிந்த ஒருவரின் எக்ஸ்ரே அறைக்கு நாயைக் கொண்டுபோவோம். குழாய் வழியாகப் பைக்குள் காற்றை ஏற்றிப் படம் எடுத்தால் கட்டி நிழலாகத் தெரியும். டாக்டர் பிலிமை ஜன்னலில் ஒட்டி ஸ்கேல் வைத்து அளப்பார், மூன்று தடவை.

மருந்து கட்டுவது என் வேலை. காப்ஸ்யூல் ஒன்று பத்து மில்லிகிராம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று மில்லிகிராம்தான் கொடுக்கலாம். கூடினால் வயிறு புண்ணாகிவிடும். காப்ஸ்யூலைத் திறந்து, தூளைக் கண்ணாடிப் பலகையில் குளுக்கோஸ் மாவோடு கலந்து, பிளேடால் நீளக் கோடாக இழுத்துப் பத்துப் பங்காக்குவேன். மும்மூன்று பங்கை ஒரு பொட்டலமாக மடித்தால் மூன்று நாளுக்கு ஆகும். மிஞ்சும் ஒரு பங்கு தொட்டிக்குப் போகும். என் முட்டுவலிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்ததும் இதே காப்ஸ்யூல்தான் என்பது டாக்டருக்குத் தெரியும். "உனக்கு முழுசு, நாய்க்கு மூன்று பங்கு. பொட்டலத்தை மாற்றிவிடாதே," என்று கேலி செய்வார்.

இனி ஏழு கேள்விகள். வாராவாரம் ஒவ்வொரு நாய்க்கும் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். சாப்பிட்டதா, வாந்தி உண்டா, மலம் என்ன நிறம், மூத்திரம் என்ன நிறம், எத்தனை தடவை போகிறது, வாலை ஆட்டுகிறதா, வேறு டாக்டர் வேறு மருந்து உண்டா. வாலைப் பற்றிய கேள்வி எதற்கு என்று கேட்டேன். "மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்," என்றார்.

ஏழாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. ஒரு நாய்க்கும் கேட்கவில்லை. "இல்லை" என்று எழுதிக்கொண்டே போனேன். ஏன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமோ என்னவோ.

எங்கள் பக்கத்தில் எல்லாமே இரண்டு. பல்லுக்கு நெய்யாற்றின்கரை, பிள்ளைப்பேற்றுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம். காய்ச்சலுக்கு இங்கே மூன்று நாள் பார்த்துக் குறையாவிட்டால் நாலாம் நாள் பஸ் ஏறி எல்லை தாண்டுவோம். இங்கே கொடுத்த மாத்திரையும் பையில் இருக்கும், அதையும் நிறுத்தமாட்டோம். இரண்டு டாக்டரிடமும் மற்றவரைப் பற்றி மூச்சு விடமாட்டோம். இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் பெயரைச் சொன்னால் அவருக்குக் குறைச்சல் என்று ஒரு மரியாதை. அப்படியிருக்க, ஒருவரைப் பார்த்து "வேறு டாக்டரிடம் போனாயா" என்று கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். நான் இந்த மண்ணில் பிறந்தவள். கேட்க வாய் வரவில்லை.

ஐந்தாம் நம்பர் ஜூலி. கொல்லயிலில் இருந்து வந்த வெள்ளை பொமரேனியன் கலப்பு, ஒன்பது வயது, சரியாகப் பத்துக் கிலோ. வீட்டுக்காரர் அருணாசலம் பிள்ளை காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்குப் போய் மாலையில் திரும்பும் கிளார்க். அவர் மனைவி பார்வதிதான் நாயைக் கொண்டுவருவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பகல் முழுவதும் அந்த வீட்டில் பார்வதியும் ஜூலியும் மட்டும்தான். முதல் நாள் வந்தபோது ஜூலியின் மூத்திரம் ரத்தமாகவே இருந்தது. டாக்டர் நோயைச் சொன்னதும் பார்வதி அழவில்லை.

"இவளும் போயிட்டா நான் ஆருட்ட பேசுவேன், டாக்டரே?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை தோறும் வந்தாள். மூன்றாவது வாரம் மூத்திரம் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஐந்தாவது வாரம் தெளிந்தது. இடுப்புக்கு மேலே சொறி பிடித்து முடி கொட்டியிருந்த இடத்தில் புது முடி பூனைமயிராக முளைத்தது. "ரோமம் நன்றாக வளர்கிறது" என்று நான் நோட்டில் என் சொந்தக் குறிப்பாகவே எழுதினேன். மருந்து அவ்வளவு நல்ல மருந்து என்று எனக்குப் பூரிப்பு. மூட்டுவலி மருந்துக்குச் சொறி எப்படி ஆறும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆறாவது வாரத்து எக்ஸ்ரேயில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. டாக்டர் ஸ்கேலை வைத்து மூன்று தடவைக்குப் பதில் ஐந்து தடவை அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் நெடுநேரம் துடைத்தார். அடுத்த மாதம் திருச்சூரில் டாக்டர்மார் கூடும் இடத்தில் இதைப் பேசப்போவதாகச் சொன்னார். பத்து நாயில் இவ்வளவு நன்றாக வந்தது ஜூலிக்குத்தான். நோட்டில் அவள் பக்கம் மட்டும் தனியாக டைப் ஆகிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ நேரே வராந்தா வரைக்கும் வந்து நின்றது. பார்வதி நனைந்துகொண்டே ஜூலியை மார்போடு அணைத்து ஓடிவந்தாள்.

"அக்கா, கறுப்பா போவுது அக்கா. தாரு மாதிரி. காலத்த காப்பித்தூள் கணக்கா வாந்தியும் எடுத்தா. தலை நிக்கல்ல."

மேசையில் கிடத்தினோம். ஜூலியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு வெள்ளை. அதை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் ஒன்று, ஒன்றரை எண்ணுவதற்குள் நிறம் திரும்ப வேண்டும். நான் நாலு எண்ணினேன். டாக்டர் வந்து முன்னங்காலில் நரம்பு தேடினார். மூன்றாவது குத்தில் கிடைத்தது. சலைன் ஏற்றி, இரைப்பைக்கு ஊசி போட்டு, என்னிடமிருந்த டவலால் சுற்றினார்.

"இரைப்பையில் புண். ரத்தம் போகிறது," என்றார். "விமலா, நோட்டை எடு. ஏழாவது?"

"இல்லைன்னு இருக்கு மேடம்."

"இருப்பது எனக்கும் தெரியும். நீ கேட்டாயா?"

குரல் தாழ்ந்திருந்தது. "கேட்டேன்," என்றேன்.

எழுதும்போதுகூட அந்த ஒரு சொல்லில் கை நிற்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. உண்மையைச் சொல்ல இரண்டு விநாடி போதுமாக இருந்தது. ஆனால் என் முத்து முத்தான கையெழுத்தில் ஆறு "இல்லை" வரிசையாக இருந்தது, என் வாயும் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

டாக்டர் ஜூலியைச் சுற்றியிருந்த டவலை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "அப்படியானால் மருந்துதான். என் மருந்துதான் இதைச் செய்தது," என்றார். "மற்ற ஒன்பது வீட்டுக்கும் சொல்லி அனுப்பு. இன்றோடு எல்லோரும் நிறுத்த வேண்டும்."

"ரெண்டாம் நம்பருமா மேடம்?"

இரண்டாம் நம்பர் அமரவிளையில் ஒரு பலசரக்குக் கடை நாய். மூத்திரம் அடைத்துக் கதறிக்கொண்டிருந்தது இந்த மருந்தால்தான் ஒழுங்காகப் போக ஆரம்பித்திருந்தது. நிறுத்தினால் பழையபடி ஆகும் என்பது டாக்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அதுவும்தான். அடுத்த நாய்க்கும் இப்படி ஆனால் யார் பொறுப்பு?"

நான் ஆபீஸ் அறைக்குப் போய் அமரவிளைக் கடைக்காரருக்குப் போன் சுழற்றினேன். மணி அடித்தது. அவர் எடுப்பதற்கு முன்னால் வைத்துவிட்டேன். எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். பார்வதி தூணில் சாய்ந்து நின்று, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்வதி, ஜூலியை வேற டாக்டர் ஆருட்டயாவது காட்டினியா?"

"இல்ல அக்கா."

நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்து எண்ணினேன். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். எட்டு.

"மூத்திரத்துக்கு இங்க மட்டுந்தான் அக்கா," என்றாள். "சொறிக்குத்தான் அங்க."

"எங்க?"

"களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். குட்டியா இருக்கும்போதே அவருட்டதான் கொண்டு போறது. நல்ல மனுசன். சொறிக்கு ஒரு மாத்திரை தந்தாரு, தினம் ஒண்ணு. அதில தான் முடியெல்லாம் வந்துது." பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள். "இங்க உள்ள பொடி மூத்திரத்துக்கு, இது சொறிக்கு. ரெண்டும் ரெண்டு நோக்காடுல்லா அக்கா?"

"அவருட்ட இங்க மருந்து தின்னுகது சொன்னியா?"

"அதெப்படி அவருட்ட சொல்லியது?"

"இந்த மாத்திரையை இப்பவும் குடுக்கியா?"

"சனியாழ்ச்ச கறுப்பா போனதும் பேடிச்சு ரெண்டையும் நிப்பாட்டிட்டேன்."

"எனக்கிட்ட ஏன் மக்கா சொல்லல்ல?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தாள். "நீங்க கேக்கல்லியே அக்கா."

அந்த வெள்ளை மாத்திரை எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு. பைராக்சிகாமோடு சேர்ந்தால் இரைப்பையைத் தின்றுவிடும் என்று டாக்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஏழாவது கேள்வி இருந்ததே அதற்காகத்தான்.

வராந்தாவிலிருந்து அந்தக் கதவுக்குப் பத்தடி தூரம் இருக்கும். மெமோ வரும், சர்வீஸ் புக்கில் ஏறும், இன்கிரிமெண்ட் போகும் என்றெல்லாம் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பத்தடியில் ஜூலியைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை, மருந்தை எப்படியும் நிறுத்தியாகிவிட்டது என்றுகூட ஒரு புத்தி சொல்லிப் பார்த்தது. கதவைத் தள்ளினேன்.

"மேடம், நான் கேக்கல்ல. ஆறு வாரமும் கேக்கல்ல. ஒரு நாய்க்கும் கேக்கல்ல. இப்ப கேட்டேன்னு சொன்னதும் பொய்யாக்கும்." டப்பாவை மேசையில் வைத்தேன். "சொறிக்கு. தினம் ஒண்ணு. சனிக்கிழமை நிப்பாட்டியிருக்கா."

அவர் மாத்திரையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை. சட்டென்று நிறுத்தினாளா?"

"ஆமா மேடம்."

"அதுதானா! ஒரு பாட்டில் ஏறியும் நாடி எழும்பவில்லையே என்று பார்த்தேன்." வேகமாக எழுந்தார். "இந்த மாத்திரையைத் தினமும் வெளியே இருந்து கொடுத்தால், உடம்பு தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சும்மா இருந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் அதற்குக் கைகொடுக்க ஆளில்லை. ரத்தம் போனதால் மட்டும் இவள் விழவில்லை."

பசுக்களுக்காக வைத்திருந்த ஸ்டீராய்டு குப்பியை எடுக்கச் சொன்னார். நான் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். இரைப்பை புண்ணான நாய்க்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றுதானே இத்தனை நாளும் படித்தது?

"கொடுக்கக் கூடாதுதான்," என்றார். "நீ சொல்லியிருக்காவிட்டால் கொடுத்திருக்கவும் மாட்டேன். சாயங்காலத்துக்குள் செத்திருப்பாள், நானும் மருந்துதான் கொன்றது என்று எழுதியிருப்பேன்."

மிகச் சிறிய ஊசியில், உடம்பு தானே சுரந்திருக்கும் அளவு மட்டும் எடுத்தார். இரண்டு தடவை கணக்குப் போட்டார். என்னையும் ஒரு தடவை போடச் சொல்லி ஒத்துப்பார்த்தார். அந்த நேரத்தில் என்னை நம்பிக் கணக்குப் போடச் சொன்னாரே என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். கால் மணிக்கு ஒரு தடவை ஈறை அழுத்தி எண்ணினேன். பன்னிரண்டே முக்காலுக்கு நாலு. ஒரு மணிக்கும் நாலு. வெளியே பசுக்கள் கத்தின, யாரோ திட்டினார்கள், அட்டெண்டர் சமாளித்தார். இரண்டு மணிக்கு மூன்றரை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மூன்றேகாலுக்கு மூன்று. டாக்டர் சாப்பிடவில்லை, நானும் எழுந்து போகவில்லை. நாலரை மணிக்கு அழுத்தி எடுத்தேன், இரண்டு எண்ணுவதற்குள் மெல்லிய ரோஸ் நிறம் ஓடி வந்தது. ஜூலி தலையை ஒரு அங்குலம் தூக்கிக் கதவைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"விமலா, உட்கார். உன் முட்டுவலிக்குக் காப்ஸ்யூல் சாப்பிடுகிறாய் அல்லவா? வேறு டாக்டர், வேறு மருந்து?"

"இல்ல மேடம்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே திரும்பினார். மழை விட்டிருந்தது. பலாமரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது வரை தாங்கினேன்.

"உண்டு மேடம்," என்றேன். "அந்தப் பக்கத்தில ஒரு டாக்டர். வீக்கத்துக்குன்னு தந்தாரு. வெள்ளை மாத்திரை."

"எத்தனை நாளாக?"

"ரெண்டு மாசம்."

அவர் திட்டவில்லை. "நாளைக்குக் காலையில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இரண்டு டப்பாவையும் ஒரே மேசையில் வை. நீயாக எதையும் நிறுத்தாதே, அதன் கதியை இன்று பார்த்தாய்," என்றார்.

பிறகு நீல நோட்டையும் சிவப்புப் பேனாவையும் என் முன்னால் தள்ளினார். "ஐந்தாம் நம்பரை அடி. நீயே அடி. காரணம் எழுதி ஒப்புப் போடு."

"மேடம், கட்டி சின்னதானது நெசந்தானே? அளந்தோமே."

"சின்னதானது நிஜம். எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மருந்து உள்ளே போயிருக்கிறது."

அடித்தேன். 'ஏழாவது கேள்வியை நான் கேட்கவில்லை' என்று எழுதி ஒப்புப் போட்டேன். அந்த வாரம் மற்ற ஒன்பது வீட்டுக்கும் நடந்து போய்க் கேட்டேன், ஒவ்வொரு வாசலிலும் பத்து எண்ணினேன். இன்னும் மூன்று வீட்டில் "உண்டு" வந்தது. அந்த மூன்றுக்கும் என் கையாலேயே கோடு போட்டேன். அமரவிளைக் கடைக்காரர் மட்டும் நான் எண்ணி முடித்த பிறகும் முழித்துக்கொண்டே நின்று, "அக்காவுக்கு என்ன, தலை சுத்துகா?" என்று கேட்டார். அவர் நாய்க்கு மருந்து தொடர்ந்தது.

டாக்டர் திருச்சூருக்குப் போனார். மிச்சம் ஆறு நாயை வைத்துப் பேசினார். அடித்த நாலையும் ஏன் அடித்தோம் என்று சேர்த்துச் சொன்னாராம். கேட்டவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். மெமோ எனக்கு வரவேயில்லை. வந்திருந்தால் ஒரு பதில் எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

ஜூலி பத்து நாளில் எழுந்து நடந்தாள். வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். சொறிக்கு எண்ணெயும் குளியலும். ஒரு மாதம் கழித்து, இரைப்பைக்குக் காவலாக இன்னொரு மருந்தோடு, பொட்டலத்தை மறுபடி ஆரம்பித்தார் டாக்டர். ஆராய்ச்சிக்கு அவள் இனி ஆகமாட்டாள். ஆனால் அடுத்த புதன்கிழமை பார்வதி வந்து என் எதிரில் உட்கார்ந்தபோது என் கை தானாக அந்தப் பக்கத்தைத் திருப்பியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே தேதி போட்டு, ஏழு கேள்வியும் கேட்டு எழுதினேன். டாக்டர் பார்த்தார். அடுத்த நாயைக் கூப்பிடச் சொன்னார்.

சின்ன டாக்டரே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆராய்ச்சிக்காக எழுதியது கோட்டுக்கு மேலே. கீழே எழுதியதெல்லாம் ஜூலிக்காக, பார்வதிக்காக, எனக்காக. போகப்போகப் பார்வதிக்கும் என் வழக்கம் பிடிபட்டுவிட்டது. ஏழாவது கேள்விக்கு "இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு, நான் மனசுக்குள் எண்ணும்போது அவளும் விரல் மடக்கி எண்ணுவாள். பத்து வந்ததும் இரண்டு பேரும் சிரிப்போம்.

எட்டாவது மாதம் கட்டி மறுபடி வளர்ந்தது. பிறகு ஒரு புதன்கிழமை பார்வதி தனியாக வந்தாள். அந்த மழை நாளில் ஜூலியைச் சுற்றிக் கொடுத்த டவலைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நோட்டைத் திறக்கவில்லை.

"கேளுங்க அக்கா," என்றாள்.

"எதுக்கு மக்கா இனி?"

"இல்ல, கேளுங்க."

கேட்டேன். சாப்பிட்டாளா? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கொஞ்சம் கஞ்சி. வாந்தி இல்லை. மலம் கறுப்பு இல்லை. மூத்திரம் சிவப்பு. எத்தனை தடவை என்றதற்கு, எண்ண முடியவில்லை என்றாள். வாலை ஆட்டினாளா?

"நேத்து வைகிட்டு இவரு ரயில் இறங்கி வந்தப்ப ஒருக்கா ஆட்டினா. பொறவு இல்ல."

"வேறு டாக்டர், வேறு மருந்து?"

"இல்ல அக்கா."

நான் பேனாவை மேசையில் வைத்தேன். அன்றைக்கு அவள் விரல் மடக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு டவலையே பார்த்தாள். எட்டு எண்ணியிருப்பேன்.

"கடைசியில நெத்தியில திருநீறு பூசி விட்டேன் அக்கா. அதையும் எழுதணுமா?"

"எழுதணும்," என்றேன்.

நோட்டில் ஐந்தாம் நம்பரின் கடைசி வரியைப் பாருங்கள், டாக்டரே. ஏழாவது கட்டத்தில் 'உண்டு' என்றும், பக்கத்தில் 'திருநீறு' என்றும் இருக்கும். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்காது.